தெல்தெனியக் கொழுஞ்சியும் என் சொரண்டியும்

சுற்றுலாக் குறிப்பு என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கணும். போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை நான் தெல்தெனியவுக்குப் போனது, நானே செய்த நாசத்தைப் பார்க்க. விடிந்ததும் தங்கச்சி செல்வி போனில் கோல் எடுத்தாள். "அண்ணே, ராத்திரி மழையில மேல் சரிவு மண்ணு குசினி அடுப்பு வரைக்கும் வந்திருச்சு." திட்டியிருந்தால் தேவலை. அதோடு வைத்துவிட்டாள்.

கண்டியில் 8.10க்கு பஸ். குண்டசாலை, திகன வழியாக ஏறக்குறைய 25 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம், 130 ரூபா. வழியில் தெரிந்த விக்டோரியா நீர்த்தேக்கம் பால் ஊற்றின தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. அத்தனையும் யாரோ ஒருவர் நிலத்து மண்.

தெல்தெனியவிலிருந்து ஓட்டோவில் நான்கு கிலோமீற்றர், 400 ரூபா. வீட்டைச் சொன்னதும் ஓட்டோக்காரர் உச்சுக்கொட்டினார்.

"செல்வி அக்கா வீடா? பாவம் சேர். நல்லா இருந்த கொழுஞ்சிச் செடிய அவங்களே புடுங்கிப் போட்டாங்களாமே!"

புடுங்கியது நான்.

ஆகஸ்டில் லீவுக்கு வந்திருந்தேன். செல்வி சந்தைக்குப் போன நேரம் பார்த்தால், வீட்டுக்கு மேல் சரிவு முழுக்கப் புதர். நான் ஹேவாஹெட்ட தோட்டத்தில் புல்லு வெட்டிப் பழகியவன். தேயிலைக்குக் கீழே தரை பளிச்சென்று தெரிந்தால்தான் அங்கே நல்ல வேலைக்காரன். இப்போது கந்தோரில் கிளாக்கர் என்றாலும் கை மறக்குமா? சொரண்டியை எடுத்து வேரோடு சுரண்டித் தள்ளி, தீயும் வைத்தேன். திரும்பி வந்தவள் சந்தைப் பையை இறக்காமலே சரிவைப் பார்த்து நின்றாள். அப்புறம் தேத்தண்ணி தந்தாள். களைத்துப்போனாள் என்று நினைத்தேன், மடையன்.

கொழுஞ்சி யாரும் நடாமல் வறண்ட நிலத்தில் முளைக்கிற அவரைக் குடும்பத்துச் செடி. முழங்கால் உயரம், ஊதாப் பூ, தட்டைக் காய். மாடு அவ்வளவாகக் கடிக்காது, தேனீ விடாது. வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். ஆணிவேர் ஆழமாக இறங்கிச் சரிவைப் பிடித்துக்கொள்ளும். செல்வி அதை வேண்டுமென்றேதான் விட்டிருந்தாள். அதன் தழைதான் அவள் மிளகாய்ப் பாத்திக்குப் பசளை.

பாத்தி இருந்த இடத்தில் இப்போது சேறும் கல்லும். மேலே வெறும் பாறை தெரிந்தது. அந்த மிளகாயை நம்பித்தான் வருசம் ஓடுகிற வீடு.

நான் நிற்கும்போதே கொழும்பில் கடையில் வேலை செய்யும் அவள் புருசன் ரவி போனில் வந்தார். "ஆமாங்க, என் புத்தி கெட்டுத்தான் புடுங்கினேன்," என்றாள் செல்வி, என்னைப் பார்க்காமல். எனக்குத் தாங்கவில்லை. போனை வாங்கினேன்.

"மச்சான், அவ இல்ல. நான்தான்."

ரவி கேட்டார், "வேலியோரம் விதைக்கு விட்டிருந்தோமே, அதையுமா மச்சான்?"

"அதையும்தான்."

போன் வைக்கப்பட்டது.

போகிறவர்களுக்கு: மழை விட்டபின் போங்கள், பூ பார்க்கலாம். திரும்பி வர பஸ் நேரம் முதலே கேட்டு வையுங்கள். யார் நிலத்திலும் கேட்காமல் ஒரு செடியைத் தொடாதீர்கள். நான் பிறகு மூன்று தடவை விதை தேடிக் கொண்டுபோய்த் தூவினேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்திருக்கிறது. போன மண் போனதுதான்.

இப்போது நான் அங்கே மண்வெட்டிப் பக்கம் திரும்பினாலே செல்வி ஓடிவருகிறாள். "அண்ணே, நீங்க கதிரையில உக்காருங்க."