கொழுந்துத் தராசில் பிள்ளைகள்

தோட்டத்து டிஸ்பென்சர் என்றால் பாதி டாக்டர், பாதி குமாஸ்தா. குற்றம் சொல்ல ஆள் தேவைப்படும்போது மட்டும் முழு மனிதன். மருந்துச் சாலையில் நின்றே கால் வீங்கிப்போன என் சக டிஸ்பென்சர்மாரே, இது உங்களுக்குத்தான். இலங்கையில், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பட்ட பாடு.

நோய் ஓடிப்போன மாதம்

மாவுக்குத் தட்டுப்பாடு வந்த வருஷம். வாரத்தில் ஆறு நாள் இருந்த வேலை மூன்று நாளாகச் சுருங்கியது. அந்த மாதமே என் வாசலில் நிற்கும் வரிசையும் காணாமல் போனது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, இடுப்பு வலிகூட இல்லை. முந்தின வாரம்தான் இருமல் மருந்தில் கொஞ்சம் இஞ்சிச் சாறு சேர்த்துப் பார்த்திருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ‘புதிய மருந்தினால் தோட்டத்தின் ஆரோக்கியம் வெகுவாக முன்னேறியுள்ளது’ என்று தோட்டத்தை நடத்தும் துரைக்கு அறிக்கை எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மலைப் பக்கம் போனால், லெச்சுமி என்ற கொழுந்துக்காரப் பெண் இருமி இருமிப் பறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நிரையிலும் இருமல், அதற்கடுத்த நிரையிலும் இருமல். “ஏன் புள்ள மருந்துக்கு வரல?” என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“வேலையே மூணு நாளுங்க ஐயா. அதுல ஒரு நாளு ஒங்ககிட்ட வந்து நின்னா அன்னைக்குச் சம்பளம் போயிரும். மத்த நாளு தோட்டத்துக்கு வெளிய நாட்டுப் பக்கம் கூலிக்கு மொளகு ஆயப் போயிர்றோம். சீக்காளியா இருக்க எங்களுக்கு ஏதுங்க நேரம்?”

மூன்று வேளை

லெச்சுமியின் மகன் மணிக்கு ஒன்றரை வயது. கண் பெரிதாக இருக்கும், மற்றதெல்லாம் சிறிதாக இருக்கும். சத்து மருந்து ஒரு போத்தல் கொடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வேளை என்று சீட்டும் ஒட்டிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் முக்கால் போத்தல் அப்படியே இருக்கிறது. கோபம் வந்துவிட்டது. மருந்தைக் கொடுக்காமல் பிள்ளை எப்படித் தேறும் என்று சத்தம் போட்டேன்.

“நீங்க சொன்னபடிதாங்க குடுக்குறேன். புள்ளக் காம்பராவுல மத்தியானம் ஆயா ஊத்துற கஞ்சிதான் இவனுக்குச் சாப்பாடு. மத்த ரெண்டு வேளையும் வெறும் தேயிலைச் சாயத்தண்ணிதான். சாயத்தண்ணிக்குப் பொறகும் குடுக்கலாங்களா ஐயா?”

துரையின் கடிதம்

அந்த வாரமே துரையிடமிருந்து கடிதம் வந்தது. ஆரோக்கியம் இவ்வளவு முன்னேறியிருப்பதால் தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் புள்ளக் காம்பராவின் கஞ்சியை மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாமாம். என் கையெழுத்தே மணியின் ஒரே சாப்பாட்டைப் பறிக்கப் போகிறது! அறிக்கை தப்பு என்று சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். பிள்ளைகளை நிறுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். என்னிடம் இருந்த தராசோ மருந்துத் தூள் நிறுக்கும் தராசு. மணியின் சுண்டு விரலைக்கூட அதில் வைக்க முடியாது.

எனவே கொழுந்து நிறுக்கும் தராசைக் கொண்டுவரச் சொன்னேன். கூடவே தராசுக்கு உரிய கணக்கப்பிள்ளையும் வந்தார். கொக்கியில் சேலைத் துண்டைத் தொட்டிலாகக் கட்டி, ஒவ்வொரு பிள்ளையாகத் தொங்கவிட்டோம். தூறல் வேறு. பிள்ளைகள் அலற, தாய்மார் சிரிக்க, கணக்கப்பிள்ளை நிறையைக் கூவினார், நான் எழுதினேன். பெரிய கங்காணியின் கொழுகொழு பேரன்கூட நோஞ்சான் கணக்கில் வந்தபோது கொஞ்சம் யோசித்தேன். அவசரத்தில் விட்டுவிட்டேன். துரை தாளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார்.

“டிஸ்பென்சர், இது புள்ளைக நிறையா, கோழி நிறையா? கஞ்சிய நிப்பாட்டாத. காலையில பாலும் குடு. ஒரு மாசத்துல நெறை ஏறலன்னா ரெண்டுமே வீண்தான்.”

மூன்று இறாத்தல்

அடுத்த மாதம் கணக்கப்பிள்ளை லீவில் இருந்தார். நானும் ஆயாவும் நிறுத்தோம். எல்லாப் பிள்ளைக்கும் ஏற்றம்! அதுவும் எப்படி? யாருக்கும் மூன்று இறாத்தலுக்குக் குறைவில்லை. கங்காணி வீட்டில் வயிறு நிறையச் சாப்பிடும் பேரனுக்கும் அதே மூன்று. எனக்குச் சந்தேகம் வந்தது. லீவு முடிந்து வந்த கணக்கப்பிள்ளையைப் பிடித்து உலுக்கினேன். தலையைச் சொறிந்தார். கொழுந்து நிறுக்கும் கைப்பழக்கத்தில் கூடைக்கு இரண்டு இறாத்தல், மழைத் தண்ணீருக்கு ஒன்று, ஒவ்வொரு பிள்ளையிலும் கழித்துத்தான் கூவியிருக்கிறார்.

மணிக்கு மட்டும் நான்கு ஏறியிருந்தது. மூன்றைக் கழித்தாலும் முழுசாக ஒரு இறாத்தல் அவனுடையது. அது பொய்யில்லை. ஆனாலும் பொய்க் கணக்கைக் கொடுக்க மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் கஞ்சி போய்விடுமோ என்ற பயத்தோடுதான் பங்களாவுக்குப் போய், துரையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மணியின் வரியில் விரலை வைத்து, “இது நெசந்தானே?” என்றார். நெசம் என்றேன். கஞ்சியும் பாலும் நிலைத்தன.

செய்தி மலை முழுக்கப் பரவிவிட்டது. சாயந்தரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை தலை நிமிரவில்லை. தாயின் இடுப்பில் மணி உட்கார்ந்து அவர் பென்சிலை இழுக்க, லெச்சுமி எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

“கூடைக்கு, தண்ணிக்குன்னு வருசக்கணக்கா எங்க கொழுந்துல கழிச்சீங்க, வயிறு எரிஞ்சோம். எங்க புள்ளைகள்ல கழிச்சீங்க பாருங்க கணக்கப்புள்ள ஐயா, அதுக்கு நீங்க நல்லா இருக்கணும்!”

என் உத்தியோகக் காலம் முழுவதிலும் நான் கண்ட மருந்துகளில் சொன்ன நேரத்தில் வேலை செய்தது கஞ்சி ஒன்றுதான் என்பதை, தயவுசெய்து, மருந்து வாங்க வருகிறவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.