மலைக்குக் கொண்டுபோன கல்

காலை எட்டரைக்குச் சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினேன். மடியில் ஓர் அட்டைப்பெட்டி. அடிவாரம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டதைப் பார்த்த கண்டக்டர், "ஏனுங்க, உள்ள பர்த்டே கேக்குங்களா?" என்றார்.

"கல்லுங்க."

"மலைக்கே கல்லு கொண்டு போறீங்களா?"

"நிஜக் கல் இல்லீங்க. அச்சு எடுத்த பிளாஸ்டிக் கல்."

அதற்குப் பிறகு என் மீதிச் சில்லறையைக்கூட அவர் முன்சீட்டுக்காரரிடம்தான் கொடுத்தனுப்பினார்.

விஷயம் இதுதான். இந்த மலையில் உழும்போது ஆதிமனிதர்களின் கற்கோடரிகள் கிடைக்கும். உள்ளங்கை நீளம், வழவழப்பு. விவசாயிகள் அவற்றை மரத்தடியில் வரிசையாக நட்டுச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். அப்படி ஒரு மரத்தடியிலிருந்து எஸ்டேட் துரை ஒருவர் எடுத்துப்போன கல், கடல்கடந்த அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் என் தோழி பழைய பதிவுகளைத் துருவி ஊரைக் கண்டுபிடித்தாள். கல்லை அனுப்பும் அதிகாரம் அவளுக்கு இல்லை; மேலிடத்தோடு மல்லுக்கட்டி நகல் எடுக்க மட்டும் அனுமதி வாங்கினாள். அதைச் சேர்ப்பித்து, ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவது என் பங்கு. என்னைவிட வெட்டியாக யாரும் அகப்படவில்லை போலும்.

ஏற்காட்டில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ. பிறகு சேர்வராயன் கோயில் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் ஜீப். காப்பிச் செடிகள் முடிகிற இடத்தில் ஊர். பதினொரு மணிக்கு இறங்கினால், மரத்தடியில் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், மேளம் வேறு! முன்கூட்டித் தகவல் சொன்ன ஜீப் டிரைவர், 'நகல்' என்பதை மட்டும் எங்கோ ஒரு வளைவில் இறக்கிவிட்டிருந்தார்.

பூசாரி வெள்ளையன் கற்களை நகர்த்தி, நடுவில் இடம் விட்டு வைத்திருந்தார். எழுபது வயதுக்காரர். நான் விஷயத்தைச் சொன்னேன். மேளம் நின்றது. அவர் மனைவி ராசம்மா நகலைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க இது, பஞ்சாட்டம் இருக்குது?"

பூசாரி தொடவே இல்லை. "இதை வாங்கிட்டா, அதான் குடுத்துட்டமேன்னு சொல்லிப்போடுவாங்களாட்ட இருக்குதுங்களே. எங்கப்பாரு சாவற வரைக்கும் அந்தக் கல்லையே கேட்டுக்கிட்டிருந்தாருங்க."

தோழி அனுப்பியிருந்த, அங்கே கல் இருக்கும் படத்தைக் கைபேசியில் காட்டினேன்.

"படுக்கப் போட்டிருக்காங்களே!" என்றார் பூசாரி. "நிக்கற சாமியை."

அடியிலிருந்த குறிப்பைத் தமிழில் படித்தேன்: கற்கோடரி, சேர்வராயன் மலை, இன்ன துரையின் அன்பளிப்பு.

"துரைக்கு யாருங்க அன்பளிப்பாக் குடுத்தது?" என்றார் ராசம்மா.

தோழி இதற்கே நொந்து நூலானதைச் சொன்னேன். "அந்தப் பொண்ணு மேல கோவமில்லீங்க, நொம்ப நல்ல மனசு. அதோட வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதில்ல?" என்று ராசம்மா கவலைப்பட்டார்.

கூட்டத்தில் ஒருவர், "தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்று கத்தினார். மறுபடியும் இந்தப் பெட்டியோடு அந்தக் கண்டக்டர் முன்னாலா என்று நினைத்துக்கொண்டேன்.

"அவங்க சாமானை எதுக்கு எறியோணும்? வெச்சுக்கலாம்," என்றார் ராசம்மா. "நம்ம கல்லை அவங்க எப்படி வெச்சிருக்காங்களோ, அப்படி."

ஊர் டீக்கடையில் பன் வைக்கிற கண்ணாடிப் பெட்டி காலியானது. நகலை உள்ளே படுக்க வைத்து மூடினார்கள். குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு. 'அருங்காட்சியகத்தின் அன்பளிப்பு' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"அன்பளிப்பை அடிங்க," என்றார் பூசாரி. யோசித்து யோசித்துச் சொன்னார், எழுதினேன். 'வெளியூர்க்காரங்க கல்லு. எங்க கல்லு வந்ததும் திருப்பிக் கொடுக்கப்படும்.'

பிறகு அவர் பொங்கலின் முதல் இலையைக் கொண்டுபோய், வரிசையின் நடுவே காலியாக இருந்த இடத்துக்கு முன்னால் வைத்தார். மேளக்காரர் என்னைப் பார்த்தார். நான் பூசாரியைப் பார்த்தேன். அவர் தலையசைத்ததும் மேளம் தொடங்கியது.

மூன்று மணி பஸ்ஸில் மலை இறங்கும்போது, சிக்னல் கிடைத்த இடத்தில் கண்ணாடிப் பெட்டியின் படத்தைத் தோழிக்கு அனுப்பினேன். எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் வெயிலுக்குப் பயந்து ஒதுங்கிய மதியங்களில் எத்தனையோ குறிப்புகளைப் படித்திருக்கிறேன். திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லும் ஒன்றை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதுவும் என் கோழிக்கிறுக்கலில்.