தொலைபேசியில் இரண்டு தட்டு

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை என் குரல் போனது. ஒத்திகையின் நடுவே, மேல் ஸ்வரம் ஒன்றைப் பிடித்தபோது, தொண்டைக்குள் ஏதோ விட்டுப்போனது போலிருந்தது. அடுத்த வரிக்கு வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

முருகன் அடியார்கள் எல்லோருக்கும் என் வணக்கம். என் பெயர் கார்த்திகேயன். சொந்த ஊர் திருநெல்வேலி, இருப்பது அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில். தொழில் ஆபெரா, அதாவது மேற்கத்திய இசை நாடகம், பாடுவது. நம் கோயிலில் இதைச் சொன்னால், "ஓ, நைஸ்! ஃபுல் டைம் என்ன பண்றீங்க?" என்று கேட்பார்கள். இதுதான் ஃபுல் டைம். என் குரல் பேஸ்-பாரிடோன், அதாவது ஆண் குரல்களில் கனத்த வகை. இதற்குக் காதலன் வேடம் கிடைக்காது. ராஜா, பாதிரியார், சாத்தான், கதாநாயகியின் அப்பா, இவ்வளவுதான். எனக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. மேடையில் மட்டும் நான்கு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டேன்.

பதினொரு வருடம் பெரும்பாலும் மாற்றுப் பாடகனாகவே இருந்தேன். முக்கியப் பாடகருக்கு உடம்பு முடியாமல் போனால் அவருக்குப் பதிலாக மேடை ஏற வேண்டியவன். முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு, ஊர் ஊராய் வாடகை அறையில் தங்கி, கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருப்பேன். அடுத்தவர் தொண்டை கட்டினால்தான் நமக்கு வாழ்வு. பொய் சொல்லக் கூடாது, அப்படியும் ஓரிரு முறை வேண்டியிருக்கிறேன். இந்த வருடம்தான் முதல்முறையாக ஒரு ராஜா வேடம் எனக்கே என்று வந்தது. ஏப்ரல் கடைசியில் முதல் காட்சி. அதற்குள் குரல் வராவிட்டால் என் மாற்றுப் பாடகர் ஏறிவிடுவார். அவர் என்ன வேண்டிக்கொண்டிருந்தாரோ!

குரல் நாணில் ரத்தக் கசிவு என்றார் டாக்டர். முழு மௌனம், ஒரு வார்த்தை கூடாது என்றார். கையில் ஒரு தாளும் கொடுத்தார். கிசுகிசுப்பாகவும் பேசக் கூடாது, அது குரலை இன்னும் வருத்தும் என்று அதில் இருந்தது. படித்தேன். ஆனால் அது மனிதர்களிடம் பேசுவதைப் பற்றித்தானே என்று நானாக ஒரு வியாக்கியானம் வைத்துக்கொண்டேன். காலையில் நூற்றெட்டு, மாலையில் நூற்றெட்டு, "முருகா, முருகா" என்று படத்துக்கு முன்னால் உட்கார்ந்து காற்றுக் குரலில் அழுத்தி அழுத்திச் சொன்னேன்.

அம்மா ஊரிலிருந்து கூப்பிடுவாள். எடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். "லைன்ல இருக்கியாப்பா?" என்பாள். அவளே கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அழுது, வைத்துவிடுவாள். கடையில் சிரித்துச் சமாளிப்பேன். நாள் முழுக்க என் வீட்டில் கேட்ட ஒரே சத்தம் ஃப்ரிட்ஜ் சத்தம்தான்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் மறுபடி பார்த்தார். வீக்கம் அப்படியே இருந்தது. கிசுகிசுப்பாகப் பேசினீர்களா என்று கேட்டார். "கடவுளிடம் மட்டும்" என்று எழுதிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "உங்கள் தொண்டைக்கு அந்த வித்தியாசம் தெரியாது" என்றார்.

காருக்குள் உட்கார்ந்து அழுதேன், அதையும் சத்தமில்லாமல். கூப்பிட்டதே குற்றமா, முருகா? உன் பேரைச் சொல்லியே என் காயத்தை ஆறவிடாமல் செய்துகொண்டேனே. இனி உன்னை எப்படித்தான் கூப்பிடுவது? எனக்கு அவன்மேல் கோபம். ஒரு வாரம் விளக்கேற்றவில்லை.

மனசு கேட்காமல் அடுத்த சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அர்ச்சனை வரிசையில் குருக்கள், "பேர், நட்சத்திரம்?" என்றார். எழுதி வைத்திருந்த அட்டையை நீட்டினேன். குருக்களுக்கோ இரண்டு கையிலும் தட்டு, கண்ணாடியும் போட்டிருக்கவில்லை, விழித்தார். பின்னால் நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார். "கார்த்திகேயன், விசாக நட்சத்திரம். பேச முடியாது, குரல் ஓய்வு." எனக்காக ஒருவர் வாய் திறந்து பேசியது பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான்.

அவர் பெயர் சுதா. மருந்து கம்பெனியில் வேலை. வெளியே வந்ததும், "வீட்ல யார் இருக்கா சார்?" என்று கேட்டார். "யாரும் இல்லை" என்று எழுதினேன். எழுதிய பிறகு அந்தத் தாளைப் பார்க்க எனக்கே என்னவோ போலிருந்தது. மூச்சுவிடாமல் என் கதையை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"நீங்க வாயே திறக்காதீங்க சார். டெய்லி காலைல எட்டு மணிக்கு ஆபீசுக்கு டிரைவ் பண்ணுவேன், நாப்பது நிமிஷம் சும்மா பாட்காஸ்ட்தான் ஓடும். உங்களுக்குக் கால் பண்றேன். நான் வாய்விட்டு முருகான்னு சொல்றேன், நீங்க மனசுக்குள்ள சொல்லுங்க. லைன்ல இருக்கீங்கன்னு தெரிய ஃபோன்ல ரெண்டு தட்டு தட்டுங்க, போதும்."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. இரண்டு தட்டு தட்டினேன். "முருகா" என்று தொடங்கினார். நடுநடுவே, "இவன் எங்க இண்டிகேட்டர் போட்டான், முருகா முருகா" என்பார். சிரிப்பு வந்துவிடும், அடக்கிக்கொள்வேன். என்னிடம் எண்ணை எழுதி வாங்கி, சில நாள் அம்மாவையும் அதே அழைப்பில் சேர்த்துவிட்டார். மூன்று வாரம், வேலை நாள் ஒன்றுகூடத் தவறவில்லை.

மார்ச் கடைசியில் டாக்டர் மறுபடி பார்த்தார். கசிவு இருந்த சுவடே இல்லை. நீங்கள் இதை மௌனத்தின் பலன் என்று சொல்லலாம். அந்த மௌனத்தை எனக்குத் தாங்கும்படி ஆக்கியது யார் என்பது எனக்குத் தெரியும். வாயால் கூப்பிட முடியாதவனுக்கு முருகன் வேறொரு வாயைக் கொடுத்தான்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு பிற்பகல், முதல் காட்சி. ராஜா உடையோடு ஒப்பனை அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். தொலைபேசி அடித்தது. அரங்கத்துக்குள் வந்துவிட்ட சுதா. அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டு தட்டு மட்டும் கேட்டது. நான் வாய்விட்டு, முழுக் குரலில், "முருகா" என்றேன். பிறகு போய்ப் பாடினேன்.

அடியார்களே, வீட்டில் யாரும் இல்லை என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். நான் அதை எழுதிக் காட்டிய பிறகுதான் எனக்குக் கதவு திறந்தது. உங்களில் யாருக்காவது, நோயாலோ துக்கத்தாலோ, அவனைக் கூப்பிட வாய் வரவில்லையென்றால் கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். காலை எட்டு மணிக்கு நான் கூப்பிடுகிறேன். நீங்கள் எதுவும் பேச வேண்டாம். இரண்டு தட்டு தட்டுங்கள், போதும்.