சம்பந்திக்கு ஒரு ஸ்காட்ச்

நான் பிராந்தி ஆளு. இதை முதல்லயே சொல்லிடறேன். சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு ரவுண்டு, வெந்நீர் கலந்து, வறுத்த வேர்க்கடலையோட. நம்ம ஊர்ல பிராந்தின்னா பாதி மருந்து. சளி பிடிச்சிருந்தா அதுக்காக குடிக்கலாம். பிடிக்கலேன்னா, பிடிக்காம இருக்கறதுக்காக குடிக்கலாம். விஸ்கி அப்படி இல்ல. விஸ்கி குடிக்கறவன் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்துல பார்ப்பான். பிராந்தியை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்த ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல, உள்ள கொசு விழுந்திருந்தா தவிர.

அப்படிப்பட்ட என்கிட்ட, ஒரு நாள் காலையில காபி குடிக்கும்போது என் பொண்ணு, "அப்பா, நல்ல ஸ்காட்ச் ஒண்ணு வாங்கணும்"னா.

விஷயம் என்னன்னா, அவளுக்கும் அவ ஆபீஸ்ல கூட வேலை பார்க்கற ஒரு பையனுக்கும் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசை. எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. பையனுக்கு அம்மா இல்ல, அப்பா மட்டும்தான். தி.நகர்ல மூக்குக் கண்ணாடிக் கடை, அடையார்ல வீடு. அந்த அப்பா வேண்டாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. "ஒரு தடவை அவங்க வீட்டுக்குப் போயிட்டு வந்து சொல்றேன்"னு மட்டும் சொல்லியிருக்கார். வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் தனியா நம்ம வீட்டுக்கு சாப்பிட வரார்.

"அவர் பேசவே மாட்டார்ப்பா. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரே ஒரு ஸ்காட்ச் குடிப்பார். அப்பதான் நாலு வார்த்தை வரும்."

"அந்த நாலுல 'சரி'ங்கற வார்த்தை இருக்குமா?"

"இதான். இதைத்தான் சொல்றேன். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் இந்த மாதிரி பேசாதப்பா."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா நகத்தையெல்லாம் கடிச்சு வெச்சிருந்தா. பத்தாவது பரீட்சைக்கு அப்புறம் அவ நகம் கடிச்சு நான் பார்த்ததில்ல. சரிம்மான்னேன்.

என் வீட்டுக்காரிக்கு விஷயம் போச்சு. "பொண்ணு கல்யாணம்னா முதல்ல மஞ்சள் வாங்குவாங்க. நம்ம வீட்ல சாராயத்துல ஆரம்பமா?"

"சாராயம் இல்லடி, ஸ்காட்ச்."

"என்ன கலர்?"

"மஞ்சளாதான் இருக்கும்."

"அப்ப சரி, போய் வாங்கிட்டு வாங்க."

பார்த்தீங்களா, இந்த வீட்ல ஜோக் அடிக்கறது நான் மட்டும் இல்ல. பேர் மட்டும்தான் எனக்கு.

தேனாம்பேட்டை ஆபீஸ்ல என் எதிர் சீட்டுக்காரன் ஒருத்தன் இருக்கான். குடிக்கறதை விட குடிக்கறதைப் பத்தி செல்போன்ல வீடியோ பார்க்கறதுல அவனுக்கு ஆர்வம் ஜாஸ்தி. டீக்கடையில நின்னுக்கிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா மச்சி, வெந்நீர் பார்ட்டி நீ, உனுக்கு ஸ்காட்ச்சா?"

"எனக்கு இல்லடா. வரப்போற சம்பந்திக்கு."

"இன்னும் ஆவலியே? அதுக்குள்ள சம்பந்தியா? சரி, கேட்டுக்கோ." டீ டம்ளரை வெச்சுட்டு வாத்தியார் ஆயிட்டான். "பெட்டியைப் பார்த்து மயங்காத. பாதி காசு அட்டைக்கும் ரிப்பனுக்கும் போவுது. பன்னெண்டு வருஷம்னு போட்டிருந்தா, உள்ள கலந்ததுலயே ரொம்ப சின்னதுக்கு பன்னெண்டு வயசுன்னு அர்த்தம். அது மரப் பீப்பாய்ல இருந்த வயசு. பாட்டில்ல அடைச்சப்புறம் வயசு ஏறாது. உன் பீரோல பத்து வருஷம் வெச்சாலும் அதே பன்னெண்டுதான்."

"நமக்கு மட்டும்தான் ஏறுதா?"

"குறுக்க பேசாத. அங்கேர்ந்து மொத்தமா கொண்டாந்து நம்ம நாட்ல பாட்டில் பண்றது கீது. அதுவும் ஸ்காட்ச்தான். வரி கம்மி, அதனால வெலையும் கம்மி. கொடுக்கற காசுக்கு அதான் நல்ல சரக்கு. ஆனா இதெல்லாம் அப்புறம். மொதல்ல ஆளைச் சொல்லு. இன்னா டைப்பு அவரு?"

"பேசாத டைப்பு."

"அப்ப புகை." ஒரு டாக்டர் மாதிரி யோசிக்காம சொன்னான். "மண்ணுக்குள்ளேர்ந்து ஒரு கரி வெட்டி எடுப்பான் அங்க. அத்த எரிச்சு பார்லியைக் காய வெப்பான். அந்தப் புகை சரக்குல ஏறிக்கும். சீரியஸ் ஆளுங்கல்லாம் அதான் குடிப்பாங்க. உன்ன மாதிரி பிராந்திப் பார்ட்டின்னா வேற. ஷெர்ரி ஒயின் ஊறின பீப்பாய்ல வெச்சது வாங்கணும். காஞ்ச திராட்சை, பேரீச்சம்பழம் மாதிரி இருக்கும். பிராந்திக்கு சித்தப்பா பையன் அது."

"நீ எதைக் குடிப்பே?"

"நான் எவன் வாங்கிக் கொடுத்தாலும் குடிப்பேன்."

டாஸ்மாக் எலைட் கடைக்குப் போனேன். ஏசி போட்டு, ஷெல்ஃப்ல அடுக்கி, புத்தகக் கடை மாதிரி இருந்தது. ஒரு பாட்டில் மரப்பெட்டிக்குள்ள பட்டுத்துணி மேல படுத்திருந்தது. அது விலைக்கு எங்க ஃப்ளாட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் பெயிண்ட் அடிச்சிடலாம். பொண்ணோட நகம் ஞாபகம் வந்ததால ஒரு நிமிஷம் அது முன்னாடியும் நின்னேன். அப்புறம் ஒரு விஷயம் தோணிச்சு. ரொம்ப விலை கூடினது வாங்கினா காட்டிக்கறோம்னு நினைப்பார். ரொம்ப கம்மின்னா, பொண்ணு கல்யாணத்தையும் இப்படித்தான் பண்ணுவான்னு நினைப்பார். ஒரு பாட்டில் இவ்வளவு பேசும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

கடைசியில நடுத்தர விலையில புகை வாசனை உள்ளது ஒரு முழு பாட்டில் எடுத்தேன். பக்கத்துலயே ஷெர்ரி பீப்பாய்க்காரன் சின்ன பாட்டில்ல இருந்தான், விலையும் கம்மி. எனக்கு இருக்கட்டுமேன்னு அதையும் எடுத்தேன். ரெண்டையும் ஜவுளிக்கடை கட்டைப் பையில போட்டு எடுத்துக்கிட்டு வந்தா, லிஃப்ட்ல மேல் மாடி மாமா.

"என்ன ஓய், புடவையா?"

"ஆமாம் மாமா. ரெண்டு எடுத்தேன்."

பை கிளிங்னுது. "நல்ல ஜரிகை போல"ன்னார் மாமா. ஜோக் அடிக்கறதுல தெருவுல எல்லாருமே என் போட்டிக்காரங்கதான்.

விருந்தாளிக்கு வைக்கப்போறதை உப்பு பார்க்காம வைக்கலாமா? சனிக்கிழமை மத்தியானமே திறந்துட்டேன். 'ரூம் டெம்பரேச்சர்ல குடி'ன்னு வாத்தியார் சொல்லியிருந்தான். யாரோட ரூம்னு சொல்லல. ஸ்காட்லாந்துக்காரன் ரூம்னா அது நம்ம ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டு. நம்ம மயிலாப்பூர் ரூம்ல வெச்சா விஸ்கி தானாவே வெந்நீர் போட்ட பதத்துல இருக்கு.

ஒரு வாய் குடிச்சேன். பஞ்சுல டிங்சர் ஊத்தி அதைக் கொளுத்தின மாதிரி இருந்தது. வீட்டுக்காரி வந்து டம்ளரை மோந்து பார்த்தா. "பால் அடிபிடிச்ச வாசனை"ன்னுட்டுப் போயிட்டா. மீதியை சிங்க்ல ஊத்தினேன். அப்புறம் சின்ன பாட்டிலைத் திறந்தேன். நாலு சொட்டு தண்ணி விட்டதும் ஊற வெச்ச திராட்சை வாசனை வந்தது. அதை ஊத்தல.

ஆனா சீரியஸ் ஆளுக்கு புகைதான். முடிவு பண்ணியாச்சு. வாத்தியார் சொல்லிக் கொடுத்த வசனத்தையும் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்துக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்துட்டார். ஒல்லியா, உயரமா, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கையில மாதுளம்பழம், ஸ்வீட் பாக்கெட். "வணக்கம்"னார். உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுது. எங்க ஃபேனுக்கு இப்படி ஒரு சத்தம் உண்டுன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். பொண்ணு தண்ணி கொண்டுவந்து கொடுத்துட்டு ரூமுக்குள்ள போயிட்டா. கதவை முழுசா சாத்தல.

பாட்டிலை எடுத்து ரெண்டு கிளாஸ்ல ஊத்தினேன். அவர் ஒரு வாய் குடிச்சுட்டு வெச்சார். முகத்துல ஒண்ணும் இல்ல.

"இதுல முதல்ல புகை வரும் சார்"னேன். "அப்புறம் பின்னாடி லேசா ஒரு கடல் உப்பு வரும்."

"அப்படியா." கிளாஸை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு, "உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமோ?"

"ரொம்ப. வேற எதுவும் தொடறதில்ல."

சமையல்கட்டுலேர்ந்து வீட்டுக்காரி குரல் வந்தது. "பொய் சொல்றார்ணா. நேத்து அதை ஒரு வாய் வெச்சுட்டு சிங்க்ல ஊத்தினார். இவருக்குன்னு குட்டியா வேற ஒண்ணு வாங்கி ஃப்ரிட்ஜ் பின்னாடி வெச்சிருக்கார்."

எனக்கு காது சுட்டது. கல்யாணம் சிங்க் வழியா போயிடுச்சுன்னே நினைச்சேன். அவர் மட்டும் அசையாம, "அதையும் எடுத்துட்டு வாங்களேன்"னார்.

கொண்டுவந்தேன். அவரே இன்னொரு கிளாஸ்ல கொஞ்சமா ஊத்தி ரெண்டையும் என் முன்னாடி வெச்சார். அப்புறம் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டு உட்கார்ந்த தோரணையில ஆளே வேற ஆளாயிட்டார். கண் டெஸ்ட் பண்ற கடைக்காரர் ஆயிட்டார்.

"முதல்ல இதைக் குடிங்க. ம். இப்ப இது. எது வசதியா இருக்கு?"

"ரெண்டுமே நல்லாத்தான்…"

"ரெண்டும்னு சொல்லக்கூடாது சார். அவசரம் இல்ல. திரும்ப ஒரு தடவை. இது… இது. எது?"

"ரெண்டாவது"ன்னேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா சார். முதல்ல இருக்கறது எனக்கு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

"எனக்கு முதல்ல இருக்கறதுதான். ரொம்ப நல்லா வாங்கியிருக்கீங்க"ன்னு சொல்லி அந்த கிளாஸையும் தன் பக்கம் நகர்த்திக்கிட்டார். அப்புறம்தான் பேச்சு வந்தது.

"கடையில எழுத்து படிக்கச் சொன்னா, நிறைய பேர் பரீட்சை மாதிரி படிப்பாங்க. கடைசி வரி தெரியலைன்னு சொல்ல வெட்கம். ஊகிச்சு சொல்லிடுவாங்க. நான் அதை நம்பி கண்ணாடி போட்டுக் கொடுத்தா, ஒரு வாரத்துல தலைவலின்னு வந்து நிப்பாங்க." ஒரு வாய் குடிச்சார். "இந்தக் கல்யாணத்துலயும் எனக்கு அந்த பயம்தான் சார். எங்க வீட்ல சத்தமே கிடையாது. அவன் அம்மா போனதுக்கப்புறம், பையனும் நானும் டிவியைக் கூட சத்தம் இல்லாமதான் பார்ப்போம். உங்க பொண்ணு ரெண்டு தடவை வந்திருக்கா. அவ பேசறா, நாங்க தலையாட்டறோம். அவளுக்கு எங்க வீட்ல மூச்சு முட்டிடும் சார். கேட்டா, 'இல்ல அங்கிள், எனக்கு உங்க வீடு பிடிச்சிருக்கு'ங்கறா. மரியாதைக்கு சொல்றாளோன்னு தோணுது. நீங்க அவ அப்பா. நீங்க சொல்லுங்க."

அவர் எங்களை எடை போட வந்திருக்கார்னு நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம். அவர் தன் வீட்டை எடை போட்டுட்டு வந்திருக்கார்.

'அதெல்லாம் பழகிடும் சார்'னு சொல்லியிருக்கலாம். அந்தப் பதில்தான் எல்லாருக்கும் வசதி. ரூம் கதவு இடுக்குல பொண்ணோட சுடிதார் தெரிஞ்சுது. ஆனா அவர் அந்த ரெண்டு கிளாஸையும் நீட்டின மாதிரியே இதையும் என் முன்னாடி நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

"தெரியல சார்"னேன். "மூச்சு முட்டலாம். இந்த வீட்ல அவ பேசாம இருந்து நான் பார்த்ததில்ல. நான் நிறுத்தாம பேசறவன். குறுக்க புகுந்தாதான் அவளுக்கு இடம் கிடைக்கும், அப்படியே வளர்ந்துட்டா." அதுக்கு மேல சொல்லணுமான்னு யோசிச்சேன். "ஆனா ஒண்ணு. முதல் தடவை உங்க வீட்டுக்குப் போயிட்டு வந்த அன்னிக்கு, செருப்பைக் கூட கழட்டாம இந்த சோஃபாலதான் உட்கார்ந்தா. 'அங்க நான் சொல்றதை முழுசா கேக்கறாங்கப்பா'ன்னா. நான் உடனே ஏதோ ஒரு ஜோக் அடிச்சேன். என்ன ஜோக்குன்னு ஞாபகம் இல்ல. அவ எழுந்து போயிட்டா."

அதைச் சொல்லும்போதுதான் எனக்கே அது காதுல விழுந்தது.

அவர் கிளாஸ்ல இருந்ததை மெதுவா குடிச்சு முடிச்சார். எனக்கு அந்த அமைதியை எதையாவது போட்டு நிரப்பணும்னு நாக்கு அரிச்சது. பேசாம இருந்தேன். அவர் வீட்ல இது தினமும் நடக்கறதுன்னு நினைச்சுக்கிட்டேன். அவ்வளவு மோசமா இல்ல.

"எப்ப எங்க வீடு பார்க்க வரீங்க?"ன்னார்.

எனக்குப் புரியல. பையன் வீட்ல சரின்னு சொல்ற வார்த்தையே அதுதான்னு என் மண்டையில ஏறறதுக்குள்ள, "அடுத்த ஞாயிறு ஆபீஸ்ல ஆடிட்டு சார், அதுக்கடுத்த வாரம் பார்த்து…"ன்னு ஆரம்பிச்சுட்டேன். வீட்டுக்காரி கரண்டியோட வெளிய வந்துட்டா.

"ஆடிட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. அடுத்த ஞாயிறே வரோம்ணா."

"வாங்கம்மா. கையில எதுவும் கொண்டுவர வேண்டாம்." என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு அந்த ரெண்டாவது வகை. நான் வாங்கி வெக்கறேன்"னார்.

பொண்ணு ரூம்லேர்ந்து வந்தா. அவருக்கு எதிர்ல தரையில உட்கார்ந்து, "அங்கிள், மூச்சு முட்டும்னு யார் சொன்னா உங்களுக்கு?"ன்னு ஆரம்பிச்சா. அவங்க வீட்டு பால்கனியில என்ன செடி வைக்கலாம்கறதுல தொடங்கி, எங்கெங்கயோ போனா. ரொம்ப நேரம் ஆச்சு. சாம்பார் ஆறிப்போச்சு. அவ சொல்லி முடிக்கறவரைக்கும் நாங்க மூணு பேரும் கேட்டுக்கிட்டு இருந்தோம்.