கப்பலின் பின்பக்கம் ஓர் ஐந்தருவி

அக்காவைக் கட்டிய அத்தானுக்குச் சரக்குக் கப்பலில் செராங்கு வேலை; மேல்தட்டு ஆட்களை வேலை வாங்குகிற பொறுப்பு. எண்பதுகளில் ஒரு சாரல் காலத்தில் அவர் விடுப்பில் எங்கள் ஊரான குத்துக்கல்வலசைக்கு வந்தபோது கழுத்தில் ஒரு கீறல் ஆறியிருந்தது. சிங்கப்பூர் பக்கத்துக் குறுகலான கடலில், இருட்டில் சின்னப் படகில் வந்தவர்கள் மூங்கிலில் கொக்கி கட்டிக் கப்பலின் பின்பக்கமாக ஏறி, அவர் கழுத்தில் கத்தியை வைத்து கேப்டன் அறைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். கேப்டன் பணப்பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டார். கம்பெனியின் உத்தரவே அதுதானாம்: கேட்டதைக் கொடு, கப்பலை நிறுத்தாதே, வெளியே சொல்லாதே. போலீசுக்குப் போனால் விசாரணை என்று கப்பலைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டுவிடுவார்களாம். இப்போதெல்லாம் கொள்ளைக்காரர்களுக்கென்றே ஒரு பையில் பணம் தனியாக இருக்கிறதாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலேஜில் முதல் வருஷம் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். தீராத கணக்கென்று ஒன்று உலகத்தில் கிடையாது என்ற நினைப்பு. பை தயாராக இருந்தால் வராமல் என்ன செய்வான், மாசச் சம்பளம் மாதிரி வாங்கிப்போவான் என்றேன். அத்தான் சிரித்தார். தீயணைக்கும் குழாய்களைப் பின்பக்கத்தில் வரிசையாகக் கட்டி, படகு அண்டாதபடி கடலைப் பார்த்துத் திறந்துவிடலாமா என்று அவரும் கேட்டிருக்கிறார். உன் ஆட்கள் தயாரென்றால் அடுத்த பயணத்தில் செய்யலாம் என்றாராம் கேப்டன்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. எதிர்த்து நிற்க மாட்டேன் என்று பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தால்தான் கப்பலேற விடுவேன் என்றாள். "கேட்டதக் குடுத்துட்டு உசுரோட வாங்க. பணம் கம்பெனிக்காரனுக்கு, கழுத்து நமக்கு." அத்தான் பிடிகொடுக்காமல் வெளியே நழுவிவிட்டார். அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லோரும் ஐந்தருவிக்குப் போய்க் குளிப்பது எங்கள் வழக்கம். அங்கே வைத்துச் சத்தியம் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டாள்.

அன்று நல்ல தண்ணீர். பெண்கள் பக்கத்தில் நானும் அக்காவும் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு உள்ளே போனோம். அக்கா கம்பியை இறுக்கித்தான் பிடித்திருந்தாள். பிடித்து என்ன, எண்ணெய்க் கை, வழுக்கிவிட்டது. தண்ணீர் அவளை அப்படியே வெளியே தள்ளியது. அந்த அடியில் கண்ணைக்கூடத் திறக்க முடியலயே என்றாள், இருமிக்கொண்டே.

விடுவேனா?

"எக்கா, தரையில நின்னு ரெண்டு கையால கம்பியப் பிடிச்சே ஒன்னால முடியல. ஆடுத படகுலேருந்து மூங்கிலப் பிடிச்சு ஒருத்தன் எப்பிடி ஏறுவான்? ஏறுனாத்தான கத்தி."

"ஏட்டி, நீ சும்மா இரி" என்றாள். ஆனால் தலை துவட்டுகிற கை நின்றுவிட்டது.

பஜ்ஜிக் கடையருகே பிள்ளையோடு நின்ற அத்தானிடம் போய், அந்தக் குழாய்த் தண்ணி இந்த மாதிரி அடிக்குமா என்று கேட்டாள். கிட்டத்தில் ஆள் நிற்க முடியாது என்றார். அக்கா பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சத்தியம் கேட்கவில்லை.

"தட்டுல கால் வச்சிட்டான்னா குடுத்துருங்க. அதுவரைக்கும் விடாதீங்க."

அடுத்த சாரலுக்கு அத்தான் புதுக் கீறல் இல்லாமல் வந்தார். அதே கடலில் படகு வந்ததாம். குழாய்த் தண்ணீரில் மூங்கிலை நிமிர்த்த முடியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த வேறொரு கப்பலுக்குப் போய்விட்டதாம். அந்தக் கப்பல் பையைக் கொடுத்துத் தப்பித்ததைத் துறைமுகத்தில் பேசிக்கொண்டார்களாம்.

ஜெயித்துவிட்டோம் என்று துள்ளப் போன நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கா பிள்ளைக்கு மங்குஸ்தான் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்:

"அப்போ அந்தக் கப்பல்லயும் தண்ணியத் தொறக்கச் சொல்லுங்க. ஒருத்தன் குடுத்தாலும் வருவானுவல்லா."