கயிற்றுக்குள் ஆறு குடங்கள்

"அந்தக் காலம்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். யாருடைய அந்தக் காலம் என்று கேட்கத் தோன்றும். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தொம்மலூரில் ஓர் அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் நான் வேலை பார்த்தேன். அலுவலகத்தாரும் பின்பக்கத்து அடுக்குமாடிக்காரர்களும் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மரபு நாள் கொண்டாடுவதென்று முடிவு செய்தார்கள். முன்பெல்லாம் இந்த ஊரில் ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். டிரான்சிஸ்டர், பம்பு ஸ்டவ், ரேஷன் பை, அரிக்கேன் விளக்கு என்று ஒரு பட்டியல் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார்கள். அதில் பாதிச் சாமான்கள் எங்கள் வீட்டில் அன்று காலைகூட வேலை செய்துகொண்டிருந்தன.

எங்கள் வீடு நீலசந்திராவில். அது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குள் குழாய் இல்லை என்பது மட்டும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த மாதமே, சாப்பாட்டு நேரத்துப் பேச்சில், எங்கள் வீட்டில் தரைக்கடியில் சம்ப் தொட்டி இருக்கிறது, மோட்டார் இருக்கிறது என்று அளந்துவிட்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

மேனேஜர் என் மேசைக்கு வந்தார். "உங்க ஏரியாவுல முன்னாடியெல்லாம் தெருக்குழாய் நல்லிகிட்ட கொடத்த வரிசையா வைப்பாங்க இல்ல? அந்த மாதிரி பழைய கொடம் ஏதாவது கெடைக்குமா?"

"பரண்ல கெடக்கும் சார். பாத்து எடுத்துட்டு வரேன்" என்றேன்.

எங்கள் வீட்டில் பரணே கிடையாது. குடங்கள் வாசலில் இருந்தன, அன்றைக்குப் பிடித்த தண்ணீரோடு. எங்கள் தெருவில் குடம்தான் ஆள். தண்ணீர் விடுகிற நாளில், விடிவதற்கு முன்னால் தெருநல்லியண்டை குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வடிக்கலாம். அந்த இடத்தை ஒருவரும் தொடமாட்டார்கள். செங்கல் வைத்தாலும் செருப்பு வைத்தாலும் செல்லாது. அம்மாவின் குடங்களை அவற்றின் நசுங்கலை வைத்தே தெருவில் எல்லோரும் அடையாளம் சொல்வார்கள்.

நான் கேட்டபோது அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா பிள்ளை பெற்று, வெள்ளிக்கிழமைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். "பச்சக் கொழந்த இருக்குற வூடு. தண்ணி இல்லன்னா இன்னாடி பண்றது?" என்றாள்.

"திங்கக்கெழமதானேம்மா தண்ணி. ஞாயித்துக்கெழம என்னிக்கு வுட்டிருக்கான்? சாயங்காலம் கொண்டாந்துடுறேன். என் வேலம்மா."

வேலை என்றதும் அம்மா எழுந்துவிட்டாள். ஆறு குடத்துத் தண்ணீரையும் அண்டாவிலும் டிரம்மிலும் ஊற்றினாள். குடங்களைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டுமா என்று வேறு கேட்டாள். எல்லாம் பிளாஸ்டிக் குடங்கள்.

ஞாயிறு காலை, கார் நிறுத்தும் இடத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஒரு இரும்புக் குழாயைச் சிமெண்டு டின்னில் நட்டு அதற்கு நல்லி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் முன்னால் எங்கள் குடங்கள், நிறத்துக்கு ஏற்ப அடுக்கி, சுற்றிலும் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று ஒரு அட்டை. பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தன் மகனிடம், "பாவம், இதைத் தூக்கிட்டு நடப்பாங்களாம்" என்றாள். நான் இளித்துக்கொண்டு நின்றேன்.

பதினோரு மணி இருக்கும். அம்மா வந்தாள். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, ஆட்டோவில். அம்மா தனக்கென்று ஆட்டோ பிடித்து நான் பார்த்ததே இல்லை. நேரே என்னிடம் வந்தாள். "தண்ணி வுட்டுட்டான். நாளைக்கி பைப் ரிப்பேராம், அதனால இன்னிக்கே வுட்டுட்டான். எடு கொடத்த."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கயிற்றைத் தாண்டிவிட்டாள். மைக் வைத்திருந்தவர் ஓடி வந்து, "அம்மா, முட்டபேடி" என்று, தொடக்கூடாதென்று கன்னடத்தில் தடுத்தார்.

"என் கொடம்யா இது. எதுக்கு முட்டக்கூடாது? வூட்டுல பச்சக் கொழந்த இருக்குது. நல்லி நின்னுடும். வழிய வுடு."

கூட்டம் திரும்பியது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மைக் பிடித்தவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. குழாயடிச் சண்டையை நடித்துக் காட்ட ஆள் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டார். மைக்கை அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டி, அப்படியே பேசுங்கள் என்று கன்னடத்தில் உற்சாகப்படுத்தினார். அம்மாவுக்குக் கோபம் ஏற ஏற அவர்களுக்குச் சிரிப்பு ஏறியது. மேனேஜர் என் பக்கம் சாய்ந்தார்.

"நீ ஏற்பாடு பண்ணினதா? பிரமாதம்."

அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா சார், என் அம்மா. அவ்வளவுதான். சம்ப்பும் மோட்டாரும் குறுக்கே வந்து நின்றன. "ஆமா சார்" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜரும் தட்டினார், என்னைப் பார்த்துக்கொண்டே. நானும் தட்டினேன்.

சிறப்பு விருந்தினர் வரும்வரை குடங்கள் இருக்கட்டும், பத்தே நிமிஷம் என்றார்கள். அந்தப் பத்து நிமிஷத்தை அம்மாவிடம் போய்ச் சொன்னது நான். மறுபடி போய் இன்னொரு பத்து நிமிஷம் என்று சொன்னதும் நான். விருந்தினர் வந்தார், குடத்தோடு படம் எடுத்துக்கொண்டார், அம்மாவையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அம்மா நின்றாள்.

ஆட்டோவில் ஆறு குடத்தையும் அடக்கி நாங்கள் தெருவுக்கு வந்தபோது மணி ஒன்று. நல்லியடி காய்ந்து கிடந்தது. அடுத்த வீட்டுக்காரம்மா, அம்மாவின் இடத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துப் பார்த்ததாகவும், குடம் இல்லாமல் எத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருப்பது என்றும் வருத்தத்தோடு சொன்னாள். தன் பங்கில் ஒரு குடம் தந்தாள். உள்ளே அண்டாவும் டிரம்மும் அடி தட்டியிருந்தன; குழந்தையின் துணிகள் மூலையில் குவிந்திருந்தன. இனி வியாழக்கிழமைதான் தண்ணீர். அக்கா என்னைப் பார்க்காமல் குழந்தையைத் திருப்பிப் போட்டாள்.

அம்மா அந்த ஒரு குடத்துத் தண்ணீரை அடுப்பில் வைத்தாள். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"அவங்களுக்குத் தெரியாதும்மா. நாடகம்னு நெனச்சிட்டாங்க. அதான் கைதட்டுனாங்க."

"அவங்களுக்குத் தெரியாது, தட்டுனாங்க" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே. "நீ எதுக்குடி தட்டுன?"