உவர்த் தேத்தண்ணி

எங்கள் சின்னம்மாவை நம்பித்தான் ஊர்காவற்றுறையில் பாதிப் பேர் மருந்து குடித்தார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பது அவர் வேலை. போத்தலை ஒருமுறை, டொக்டர் எழுதிய துண்டை ஒருமுறை, வந்தவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார். வீட்டிலும் அதே கதைதான். கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார். நான் இழுத்துப் பார்த்துவிட்டேன் என்றால் நம்பாமல் இன்னொருமுறை இழுப்பார்.

நான் நேரெதிர். "உனக்குக் கண் பிடரியிலயே கிடக்குது?" என்று அம்மா கேட்காத நாள் குறைவு.

எனக்கு ஒன்பது வயதில் சின்னம்மாவைப் பெண் பார்க்க ஒரு வான் பிடித்து ஆறு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை கனடாவில், வந்தது அவருடைய தாயும் தமக்கையும் மற்ற உறவுகளும். கலியாணம் முடிந்ததும் பெண் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. சின்னம்மாவின் விருப்பத்தை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

குசினியில் இரண்டு வாளிகள் இருந்தன. நீல வாளியில் பவுசர் லொறியில் வந்த நல்ல தண்ணீர். சிவப்பு வாளியில் எங்கள் கிணற்று உவர்த் தண்ணீர், அது பாத்திரம் கழுவ. கேத்தலை நிரப்பும்படி அம்மா சொன்னார். நான் யன்னலால், வாசலில் வந்து நின்ற வானைப் பார்த்துக்கொண்டே நிரப்பினேன். அம்மா அவசரமாகத் தேத்தண்ணியைப் போட்டு வைத்துவிட்டு வந்தவர்களை இருத்த ஓடினார். சின்னம்மா கோப்பைகளில் ஊற்றிக் கொண்டுபோனார்.

முதல் மிடறிலேயே மாப்பிள்ளையின் தாய் முகத்தைச் சுளித்தார். எந்த வாளி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தீவுத் தண்ணி இப்பிடித்தானாக்கும்" என்று தமக்கை சமாளிக்கப் பார்த்தார். தாய் விடவில்லை.

"பிள்ளை, இது நீர் போட்ட தேத்தண்ணியோ?"

"ஓம், நான்தான் போட்டனான்" என்றார் சின்னம்மா, கண் இமைக்காமல்.

உண்மையில் அதைப் போட்ட அம்மா பலகாரத் தட்டை அவசரமாக நீட்டினார்.

இரண்டு நாளில் தரகர் பதில் கொண்டுவந்தார். ஒரு தேத்தண்ணியைக் கவனமாகப் போடத் தெரியாத பெண் வேண்டாமாம். தீவகத்திலேயே கவனமான மனுஷிக்குக் கிடைத்த பட்டம் அது! அம்மா ஒரு கிழமை யாருடனும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சின்னம்மாவின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேன் என்று நான் அழுதுகொண்டே அவரிடம் போய் வாளி மாறிய உண்மையைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும். நீ போய் விளையாடு" என்று தலையைத் தடவிவிட்டார்.

எனக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட தெய்வம் என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். அவர் இப்போதும் அதே ஆஸ்பத்திரியில்தான் மருந்து கொடுக்கிறார். தானே பார்த்துத் தெரிந்தெடுத்த சித்தப்பாவுடன் வேலணையில் சந்தோஷமாக இருக்கிறார்.

அன்று குசினி வாசலில் நின்று நான் ஒன்றைக் கண்டேன். கண்டேனே தவிரக் கவனிக்கவில்லை. கோப்பைகளில் ஊற்றுவதற்கு முன் சின்னம்மா ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். நீல வாளியை ஒருமுறை, வந்தவர்கள் இருந்த பக்கத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆறு கோப்பைகளையும் விளிம்புவரை நிரப்பினார்.